வெல்லம் தின்றால் பெயின்ட் ஆஸ்துமா வராதா?

கார் பெயின்ட் அடிப்பவர்கள் ஈரத்துணி கட்டி, வேலை முடிந்ததும் வெல்லம் தின்றால் நெஞ்சு சுத்தமாகிவிடும் என்று பரவும் செய்தி தவறு. வெல்லம் போவது இரைப்பைக்கு, நுரையீரலுக்கு அல்ல.

டூ-கே பெயின்ட்டில் (இரண்டு பொருளைக் கலந்து அடிக்கும் பெயின்ட்) சேர்க்கும் ஹார்டனரில், அதாவது பெயின்ட்டை இறுகவைக்கும் திரவத்தில், ஆஸ்துமாவை உண்டாக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. வாடை தெரியும் முன்பே அது பாதுகாப்பான அளவைத் தாண்டியிருக்கும். அதன் ஆவியை ஈரத்துணியும் தடுக்காது, என்95 முகக்கவசமும் தடுக்காது. குழாய் வழியே சுத்தக் காற்று தரும் கவசம்தான் வேண்டும். ஸ்ப்ரே கன்னை நிறுத்திய கையோடு கவசத்தைத் தூக்கிவிட்டுப் பளபளப்பைப் பார்ப்பார்களே, அங்கேதான் ஆபத்து: கண்ணுக்குத் தெரியாத பெயின்ட் துகள் அறையில் இன்னும் மிதக்கும்.

இருமலும் இழுப்பும் பல மணி நேரம் கழித்து, இரவில்கூட வரும். விடுமுறையில் குறையும். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் துளியளவே மூச்சை இறுக்கிவிடும். அதனால் தள்ளிப்போடாமல், வேலை நாளிலும் விடுப்பிலும் தினம் 4 முறை பீக் ஃப்ளோ மீட்டரில் (மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் சிறு கருவி) ஊதிக் குறித்து, ஹார்டனர் டப்பாவின் லேபிளோடு நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள்.