டீக்கடை பெஞ்சும் ஆதித்தனாரும்

எங்கள் தாத்தா மூன்றாம் வகுப்போடு நின்றவர். காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தினத்தந்தியின் தலைப்பில் விரலை வைத்து எழுத்து எழுத்தாக நகர்த்துவார். உதடு முணுமுணுக்கும். டீயில் ஆடை படிந்துவிடும். வரி முடிந்த பிறகுதான் கிளாஸைத் தொடுவார். கடைக்காரர் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துக் கொடுத்திருப்பார். கன்னித்தீவு படக்கதை வந்த தாளுக்குத்தான் அடிதடி.

நான் கல்லூரியில் சேர்ந்த புதிதில், என் கையில் அந்தப் பேப்பரைப் பார்த்த ஆசிரியர் ஒருவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இதைப் படிச்சா இருக்கிற தமிழும் போயிடும்." மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டேன். அன்றைக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் வேறு எழுதத் தெரியாமல் அந்த நடையை எழுதவில்லை. 1905-ல் திருச்செந்தூர் பக்கம் காயாமொழியில் பிறந்து, லண்டனில் பாரிஸ்டர் படித்து, சிங்கப்பூரில் வக்கீல் தொழில் நடத்தியவர். ஊர் திரும்பி 1942-ல் மதுரையில் அந்தப் பேப்பரைத் தொடங்கினார். உலகப்போர் நேரம், காகிதத்துக்கே தட்டுப்பாடு. அன்றைய பத்திரிகைகள் பெரும்பாலும் படித்தவர்களுக்காகப் படித்தவர்கள் எழுதியவை. இவர் தேடிப் போனது எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களை. சின்ன வாக்கியம், பெரிய தலைப்பு, பேச்சில் புழங்கும் சொல். கொச்சை மட்டும் கூடாது. தன் நிருபர்களுக்காக 'இதழாளர் கையேடு' என்று ஒரு புத்தகமே எழுதினார். பத்திரிகை முதலாளி ஒருவர் வாக்கியம் எப்படி இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கொலை, கொள்ளைக்கு அத்தனை இடம் கொடுத்ததில் எனக்கு உடன்பாடில்லை. நாம் தமிழர் இயக்கம், 1967-ல் சபாநாயகர் பதவி, அப்புறம் அமைச்சர் பதவி என்று அவருடைய அரசியல் தனிக்கதை. 1981-ல் மறைந்தார்.

சரி, தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். ஒரு துண்டு நிலம் வாங்கினார். ரிஜிஸ்டர் ஆபீஸில் பத்திரம் எழுதியவர், "நான் வாசிக்கிறேன், நீங்க கேட்டுக்கிட்டுக் கைநாட்டு வைங்க பெரியவரே" என்றார். தாத்தா கை நீட்டிப் பத்திரத்தை வாங்கினார். அதே விரலை வைத்து முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். நான்கெல்லை வரைக்கும் படித்து முடித்த பிறகுதான் பேனாவைக் கேட்டார். அதுவரை எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம்.