"பெக்கப் இருந்ததே" எண்டு கேக்கிற பெரியாக்களுக்கு

இங்க ஒரு இடத்தில வெப் தளம் ஓடின சேர்வர் டிஸ்க் செத்து விழுந்தது, அதைப் பாக்கிற பொடியனுக்குத் திரும்ப எழுப்ப மூண்டு நாள் போனது. மூண்டு நாளா எல்லாற்ற வாயிலயும் அந்தக் கதைதான். சேர்வர் விழுந்தது எனக்குக் குத்தேல்ல. ஒருத்தர் எழுதின வரிதான் குத்தினது: "பெக்கப் இருந்ததே, ஒரு பட்டனை அமத்த மூண்டு நாளோ?" சிரிப்புப் போட்ட ஆக்களில என்ர சிநேகிதரும் இருக்கினம். சந்தோசம்.

சரி, பட்டனை அமத்துவம். டிஸ்க் சாகத் தொடங்கின பெட்டியில முதல் வேலை பெக்கப்பைத் திரும்ப விரிக்கிற ரிஸ்டோர் இல்லை, அந்த டிஸ்கில எழுதுறதை நிப்பாட்டுறது. டிஸ்குகளை ஒண்டாச் சேத்து வைச்ச இசட்எஃப்எஸ் பூலை ரீட்-ஒன்லியா, வாசிக்க மட்டும் திறந்து, வாசிக்கக் கூடியதை வேற டிஸ்குக்கு எடுக்கவேணும். அவசரத்தில பழைய 101ஆம் இலக்கக் கொன்டெய்னருக்கு (சேர்வருக்குள்ள தளம் ஓடுற தனி அறை மாதிரி) மேலேயே ஃபோர்ஸ் போட்டா, கொன்டெய்னர்களை நடத்துற ப்ரொக்ஸ்மொக்ஸ் மென்பொருள் அங்க இருக்கிறதை அழிச்சிட்டுத்தான் பெக்கப்பை விரிக்கும். அந்தப் பெக்கப் கோப்பு பாதியில பழுதாயிருந்தா அதுவும் இல்லை, இதுவும் இல்லை. அதால புது இலக்கம், 901. வேற ஸ்டோரேஜ். நெட்வேர்க்கைக் கழட்டி வைச்சுத்தான் ஸ்டார்ட், ஏனெண்டா உள்ளுக்க பழைய ஐபி முகவரிதான் கிடக்கும், பழைய 101 ஓடினா ரெண்டும் மோதும்.

2 டெராபைட்டை கிகாபிட் லைனில (செக்கனுக்கு 1000 மெகாபிட்) இழுக்க, ஒரு கரைச்சலும் இல்லாட்டி 5 மணித்தியாலம். லைன் 100 மெகாபிட்டுக்கு இறங்கினா 2 நாள். ஏன் இறங்குது? இது திருகோணமலை ஐயா. உட்துறைமுக வீதிப் பக்கம் நாலைஞ்சு வருசம் உப்புக்காத்துக் குடிச்ச நெட்வேர்க் கேபிளின்ர ஆர்ஜே-45 முனையைக் கழட்டிப் பாருங்கோ, உலோகப் பின்னுகள் எல்லாம் பச்சை பிடிச்சிருக்கும். நாலு சோடி வயரில ஒண்டு போனாலும் கிகாபிட் கிடையாது. உங்கட மூண்டு நாளில ரெண்டு அங்க போயிருக்கும்.

அது முடிஞ்சு கொன்டெய்னர் எழும்பும், படங்களைக் காணேல்ல! வெளியில சேர்வரில இருக்கிற ஃபோல்டரை கொன்டெய்னருக்குள்ள காட்டுறதுதான் பைண்ட் மவுண்ட்; அதை ப்ரொக்ஸ்மொக்ஸின்ர பெக்கப் கருவி வீஇசட்டம்ப் எடுக்கவே எடுக்காது. எடுக்கேல்ல எண்டு ஒவ்வொரு இரவும் லொக்கில, அதாவது தன்ர பதிவுக் கோப்பில, எழுதும். ஆர் வாசிச்சது? நானும் ஒருக்கா வாசிக்காம விட்டு வாங்கிக் கட்டினவன்தான். சரி, வேற இடத்தில இருந்து அந்தக் கோப்புகளைத் தேடிக் கொண்டுவந்தா அடுத்த வில்லங்கம். அன்பிரிவிலேஜ்ட் (சேர்வரில ரூட் அதிகாரம் இல்லாத) கொன்டெய்னருக்குள்ள 33 எண்ட இலக்கத்தில இருக்கிற வெப் பயனர், வெளியில ஹோஸ்ட் சேர்வரில 100033. இது தெரியாம ஹோஸ்டில ரூட்டாக் கொப்பி பண்ணினா உள்ளுக்க எல்லாம் 'நோபடி'க்கு, ஆருமில்லாத பயனருக்கு, சொந்தம். தளம் திறக்கும், ஒரு படம் ஏத்தேலாது.

பெக்கப் இருந்ததோ எண்டு கேக்காதேங்கோ. கடைசியா எப்ப எழுப்பிப் பாத்தது எண்டு கேளுங்கோ.

"ரெயிட் போட்டிருந்ததே" எண்டு இப்ப வருவினம், ஒரு டிஸ்க் செத்தாலும் மிச்சதால தரவு தப்புமெண்டு. ஒரே நாள் வாங்கின, ஒரே அளவு ஓடின நாலு டிஸ்க். ஒண்டு செத்து புதுசு போட்டா, மிச்சத்தில இருக்கிற தரவை வாசிச்சுத்தான் ரீபில்ட், அதாவது செத்ததைத் திரும்பக் கட்டுற வேலை, ஓடும். ரெண்டாவது அந்த நேரம்தான் விழும். அந்தந்த நேரத்து நிலையைப் பிடிச்சு வைக்கிற ஸ்னப்ஷொட்? அது அதே பூலுக்குள்ள இருந்தது, பூலோட போயிட்டுது. "கிளவுட்டில போட்டிருக்கலாமே" எண்டிற ஆக்களோட நான் கதைக்கேல்ல, மாசக் காசை அவையே கட்டட்டும்.

காசில்லை எண்டது மட்டும் ஞாயம். சின்ன இடங்கள்தான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா வரவேற்பறைக்கு ரெண்டாவது ஏசி பூட்டக் காசிருந்தது. பெக்கப்புக்குத் தனிப்பெட்டி கேட்டா "அதே சேர்வரில இடமிருக்குத்தானே தம்பி". மாசத்தில ஒரு ஞாயிறு எழுப்பிப் பாக்கக் கேட்டா "ஓடுறதை ஏன் நோண்டுறீர்". இப்படிச் சொன்ன ஆக்களைப் பற்றி ஒரு வரி எழுதினீங்களோ?

2025 பெப்ரவரி 9 கரண்ட் போய் இலங்கை முழுக்க இருண்டது, பாணந்துறை உபமின்நிலையத்தில குரங்கு பாய்ஞ்சது எண்டு பழியை அதில போட்டு முடிச்சிட்டினம். இங்க குரங்கு கிடைக்கேல்ல, பொடியன் கிடைச்சான். மூண்டு இரவா நித்திரை இல்லாம சேர்வர் அறையில நிலத்தில படுத்தவன், நீங்கள் எழுதினதையும் ஃபோனில வாசிச்சவன்.

வாற ஞாயிறு காலமை 9 மணிக்குத் திரும்ப ஒருக்கா 901ஐ எழுப்பிப் பாக்கிறான். பட்டன் ஐயா வரலாம், கதிரை போட்டு வைக்கச் சொல்லுறன். வரேக்க ஒரு நல்ல கேபிளும் கொண்டுவாங்கோ.