முதல் பருவத்துக்குக் காசு, இரண்டாம் பருவத்துக்கு வசவு

நம் ஆட்களின் உதவித்தொகைக் குழு ஒன்று பேஸ்புக்கில் போட்ட பதிவைத்தான் சொல்கிறேன். இந்த வாரம் முழுக்க அதுதான் ஓடுகிறது. வெள்ளை நெசவு உடையில், கையில் காசோலை அட்டையோடு நிற்கும், தாய்லாந்து மலைகளில் வாழும் கரேன் இனப் பெண்ணின் பழைய படம். கீழே, "ஒரு பருவம் படித்தாள், சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு ஓடிவிட்டாள், இனி மலைக்கிராமத்துப் பெண்களுக்குக் கொடுப்பதாக இல்லை" என்று அறிவிப்பு. அதற்குக் கீழே நம் ஆட்களின் கைதட்டல். "சரியான முடிவு சார்." "நன்றி இல்லாத ஜனங்கள்."

குழுவின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் கெட்டவர்களும் இல்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தாய்லாந்தின் ஒரு மூலையில் இருக்கும், முகம் தெரியாத பெண்ணுக்குக் கொடுத்தவர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கெட்டவர்களாக இருந்தால் கடந்து போயிருப்பேன்.

அந்தப் பெண் ஏன் போனாள் என்று இங்கே சொல்ல மாட்டேன். அவள் கதையை அவள் அனுமதி இல்லாமல் ஏற்கெனவே போதுமான பேர் சொல்லிவிட்டார்கள். பொதுவாக என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். இந்த வேலையில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்: கல்லூரிக் கட்டணம் மட்டும் கட்டினால் அதற்குப் பெயர் உதவித்தொகை இல்லை.

கணக்கைப் பாருங்கள். ராஜபட் என்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் பல துறைகளுக்கு ஒரு பருவக் கட்டணம் 10,000 பாட்டுக்கு (பாட் என்பது தாய்லாந்து நாணயம்) சற்று முன்பின் இருக்கும். "அதைத்தான் கட்டிவிட்டோமே" என்கிறீர்கள். சரி. சியாங் மாயில் ஒரு தட்டுச் சோறு 50 பாட் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு இரண்டே வேளை என்றாலும் மாதம் 3,000. விடுதி அறைக்கு முன்பணம். சீருடை வேறு, தாய்லாந்தில் பல்கலைக்கழகத்துக்கும் சீருடை உண்டு. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, பல்கலைக்கழக முத்திரை போட்ட பெல்ட், பொத்தான், காலணி. எல்லாம் சேர்ந்தால் 1,000 பாட்டைத் தாண்டிவிடும். மே சரியாங்கிலிருந்து சியாங் மாய் கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர், வளைந்து வளைந்து போகும் 108-ஆம் நெடுஞ்சாலை. ஆனால் மே சரியாங் என்பது நகரம். அவள் ஊர் அங்கிருந்து இன்னும் உள்ளே. மழைக்காலத்தில் அந்த மண்சாலையில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் ஏறும், அதற்குத் தனிக் கூலி.

தொகையாவது பரவாயில்லை, எப்படியாவது புரட்டிவிடலாம். பணம் வந்து சேரும் வரிசைதான் ஆளைக் கொல்கிறது.

அங்கே பல்கலைக்கழகச் சேர்க்கை 2018 முதல் பெரும்பாலும் டீகாஸ் என்ற பொது முறையில், சுற்றுச் சுற்றாக நடக்கிறது. முதல் சுற்றில் தன் திறமைக் கோப்பைக் காட்ட வேண்டும், பிறகு இட ஒதுக்கீட்டுச் சுற்று, பிறகு தேர்வு மதிப்பெண். இடம் கிடைத்தால் குறித்த நாளுக்குள் இணையத்தில் 'உறுதி' அழுத்த வேண்டும். மலையில் சிக்னல் இல்லை என்பதற்காக அந்த நாள் தள்ளிப்போகாது, இடம் போய்விடும். உறுதி செய்ததும் முதல் கட்டணம், விடுதி முன்பணம், சீருடை என்று எல்லாம் மே, ஜூனிலேயே வந்து நிற்கும். அரசின் மாணவர் கடன் நிதி, அதாவது எல்லாரும் கோ-யோ-சோ என்று சொல்வது, நல்ல கடன்தான். ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் வட்டி இல்லை, படிப்பு முடிந்து இரண்டு வருடம் கழித்துக் கட்ட ஆரம்பித்தால் போதும். ஆனால் சேர்ந்த பிறகுதான் விண்ணப்பம், பெற்றோர் கையெழுத்து, வருமானச் சான்று, ஒப்பந்தம் என்று போகும். பணம் கைக்கு வரும்போது பருவம் பாதி ஓடியிருக்கும். அதுவரை? ஊரில் பன்றி விற்பார்கள். இல்லை, கடைக்காரரிடம் கடன். அந்தக் கடன்தான் நவம்பரில் அவளை ஊருக்குக் கூப்பிடுகிறது.

உங்கள் நன்கொடை ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தது, விழா வைத்துப் படம் எடுத்து. அவளுக்கு அது மே மாதம் வேண்டியிருந்தது.

இதைச் சொன்னால், "கடன்தான் இருக்கிறதே, அப்புறம் நாங்கள் எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, அந்தக் கடனுக்குத் தாய்லாந்துக் குடியுரிமை வேண்டும். மே ஹோங் சோன், தாக், சியாங் மாய், சியாங் ராய் மலைகளில் அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்தும் குடியுரிமை இல்லாத பிள்ளைகள் நிறைய. அடையாள அட்டையின் 13 இலக்க எண் பூஜ்ஜியத்தில் தொடங்கினால் ஆள் குடியுரிமை இல்லாதவர் என்று தெரிந்துகொள்ளலாம். 2005 ஜூலை 5 அமைச்சரவைத் தீர்மானத்துக்குப் பிறகு ஆவணம் இல்லாத பிள்ளையும் படிக்கலாம். படிக்கலாம், கடன் வாங்க முடியாது. மாகாணத்தை விட்டு வெளியே தங்கிப் படிக்க அம்ஃபோ என்ற வட்டார அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். வங்கிக் கணக்கு திறக்கப் போனால் ஒரு கிளையில் சரி என்பார்கள், இன்னொரு கிளையில் முடியாது என்பார்கள். கணக்கு இல்லாதவளுக்கு நீங்கள் பணம் 'டிரான்ஸ்ஃபர்' செய்வது எப்படி? 2024 அக்டோபர் 29-ல் அமைச்சரவை சுமார் 4,80,000 பேருக்கு நிரந்தர வசிப்பும் குடியுரிமையும் சீக்கிரம் கிடைக்க வழி செய்தது. பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மனுவைத் தயார் செய்வதும், சாட்சி கூட்டிப்போவதும், அலுவலக நாளில் மலையிறங்கி வருவதும் அந்தக் குடும்பத்தின் வேலைதான்.

ஆவணம் இருப்பவர்களுக்கு வேறு தலைவலி. கரேன் மக்களுக்குப் பரம்பரையாகக் குடும்பப் பெயர் கிடையாது. அதிகாரி எழுதியதுதான் பெயர். பிறப்புச் சான்றில் அப்பா பெயர் ஒரு எழுத்து, வீட்டுப் பதிவேட்டில் வேறு எழுத்து. பன்னிரண்டு வருடப் பள்ளிப்படிப்பில் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. உதவித்தொகை விண்ணப்பத்தில்தான் முதல்முறையாக இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். உடனே நிராகரிப்பு. இதைச் சரிசெய்ய ஆறுமாதம் முன்னதாக, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும்போதே எல்லா நகலையும் பரப்பிவைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். செய்ய வேண்டியது யார்? வழிகாட்டி.

இப்போது வழிகாட்டலுக்கு வருகிறேன், ஏனென்றால் அந்தப் பதிவில் "நாங்கள் வழிகாட்டியும் கொடுத்தோம்" என்று ஒரு வரி இருந்தது. என்ன கொடுத்தீர்கள்? வாட்ஸ்அப் குழு. காலை வணக்கம், பூப்படம், வெற்றி பற்றிய பொன்மொழி.

வழிகாட்டி என்பவள், முடிந்தால், அதே மொழி பேசும், அதே பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் மூத்த பெண். வீட்டில் ஸ்கா கரேன் மொழி, பள்ளியில் தாய்லாந்து மொழி, பாடப்புத்தகத்தில் பாதி ஆங்கிலம் என்று அவளும் தடுமாறிக் கடந்தவள். முதல் ஆறு வாரம் வாரத்துக்கு ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். தொலைபேசியில் "நல்லா இருக்கேன்" என்பார்கள், எல்லாருமே. நேரில் பார்த்தால்தான் இளைத்திருப்பது தெரியும். "எப்படிப் படிக்கிறாய்" என்று கேட்கக் கூடாது. "இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், எந்த வகுப்புக்குப் போகவில்லை, அறை வாடகை கொடுத்தாயிற்றா" என்று கேட்க வேண்டும். இடைத்தேர்வு முடிந்த வாரம் மதிப்பெண்ணைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும், பாடத்தைக் கைவிடக் கடைசித் தேதி பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும்.

அந்தத் தேதி தெரியாமல் போன ஒரு பெண்ணைச் சொல்கிறேன். கணக்கியல் படித்தாள், புள்ளியியலில் மாட்டிக்கொண்டாள். அந்தப் பாடத்தைக் கைவிட்டிருந்தால் சான்றில் 'டபிள்யூ', அதாவது விலகியது, என்று விழும், சராசரி கெடாது. அப்படி ஒரு வழி இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஆசிரியரிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். பெரியவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பது அவமரியாதை என்று வளர்த்த வீடு அது. வகுப்பில் கை தூக்கவே ஒரு பருவம் ஆகும். தேர்வு எழுதினாள், 'எஃப்' விழுந்தது, 4.00-க்குக் கணக்கிடும் சராசரி 2.00-க்குக் கீழே இறங்கியது. உதவித்தொகை விதி 2.50 கேட்டது. பணம் நின்றது. அவள் சோம்பேறி என்று கோப்பில் எழுதி மூடினார்கள்.

"அப்படியானால் மதிப்பெண் விதியே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். முதல் ஆண்டு முடிந்த பிறகு வையுங்கள். முதல் பருவத்தில் 2.50 கேட்பது, நகரத்தில் டியூஷன் படித்து வந்த பிள்ளைக்கும் மலையில் ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பை ஒரே அறையில் நடத்திய பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கும் ஒரே கோட்டில் ஓட்டப்பந்தயம் வைப்பது. முதல் பருவம் சரிந்தால் பணத்தை நிறுத்தாதீர்கள், ஆளை அனுப்புங்கள். ஒரு பருவம் படிக்கவே முடியாது என்றாலும் விடுப்பு மனு போட்டு, நிலையைக் காக்கும் சிறு கட்டணத்தைக் கட்டினால் பெயர் பட்டியலில் இருக்கும், அடுத்த பருவம் திரும்பலாம். கட்டாமல், மனுவும் இல்லாமல் ஊருக்குப் போனால் பெயர் நீக்கம். ஒரு சிறு கட்டணப் பிரச்சினைக்கு முழுப் பட்டப்படிப்பும் போகும் இடம் இதுதான். அந்த வாட்ஸ்அப் குழுவில் இதை யாராவது சொன்னார்களா? எனக்குப் பதில் வேண்டாம், நீங்களே தேடிப் பாருங்கள்.

தாய்லாந்து அரசாங்கத்துக்கே இது புரிந்திருக்கிறது. 2018-ல் தொடங்கிய சமவாய்ப்புக் கல்வி நிதி, தொலைதூர ஊர்ப் பிள்ளைகளை ஆசிரியராக்கித் தன் ஊர்ப் பள்ளிக்கே அனுப்பும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. அதில் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வீடுவரை போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், படிப்புக் கட்டணத்தோடு மாதச் செலவும் கொடுக்கிறார்கள். இங்கே நம் குழுக்கள் மட்டும் கட்டண ரசீதோடு நிற்கின்றன.

எல்லைக்கு அந்தப் பக்கம் மியான்மரிலிருந்து வந்து எல்லை நகரமான மே சோட்டில் இருப்பவர்கள், அகதி முகாம்களில் வளர்ந்தவர்கள் கதை இன்னும் சிக்கல். பள்ளிச் சான்றுக்கு அங்கீகாரம் இல்லாததால் ஜிஇடி என்ற அமெரிக்கப் பள்ளி இறுதிக்கு இணையான தேர்வை எழுத வேண்டும். நான்கு பாடம், ஒவ்வொன்றிலும் 145 மதிப்பெண் வேண்டும். தேர்ச்சி பெற்றாலும் கடவுச்சீட்டு எங்கே? 2021-ல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அந்தக் கேள்வியை அவர்களிடம் கேட்கவே வாய் வருவதில்லை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

"பெண்களுக்கு மட்டும் ஏன்?" இதைக் கேட்டவர்கள் ஆண்கள்தான் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் பெண் என்றால் கட்டிக்கொடுத்து அனுப்பிவிடுகிறவள். கரேன் வீட்டில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பல ஊர்களில் கடைசி மகள்தான் பெற்றோரோடு தங்கி, கடைசிவரை பார்த்து, வீட்டையும் பெறுகிறவள். மகள் கிளம்பிப் போவது என்றால் வீடே கிளம்பிப் போவது மாதிரி. அம்மாவுக்கு முடியவில்லை என்றால் தகவல் அண்ணனுக்குப் போகாது, இவளுக்குத்தான் வரும். பருவம் தொடங்குவது ஜூனில். அப்போதுதான் மலை நெல் விதைத்துக் களையெடுக்கும் வேலை. பருவத் தேர்வு அக்டோபரில், அப்போது அறுவடை நெருங்கும். இரண்டுக்கும் கை வேண்டும். ஆகவே தேர்வுக்கு முந்தின வாரம் அவள் ஊருக்குப் போனால் அது ஓட்டமும் இல்லை, நன்றி கெட்டதனமும் இல்லை. வயலுக்கு இரண்டு கூலியாள் வைக்கும் பணம் இருந்திருந்தால் அவள் போயிருக்க மாட்டாள். உங்கள் பட்ஜெட்டில் அந்த வரி உண்டா?

"நம்ம ஊரில் ஏழைகள் இல்லையா?" இருக்கிறார்கள். கொடுங்கள், யார் தடுத்தது? இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அங்கேயும் கொடுப்பதில்லை என்பது வேறு விஷயம்.

"கணக்குக் கேட்கக் கூடாதா?" கேட்கலாம். தாராளமாக. ரசீது கேளுங்கள், மதிப்பெண் பட்டியல் கேளுங்கள்.

ஆனால் படத்தை எடுத்துவிடுங்கள். முதலில் அதைச் செய்யுங்கள், மற்றதைப் பிறகு சண்டை போடலாம். அந்த நீள வெள்ளை உடை கல்யாணமாகாத பெண்கள் போடுவது. தறியை இடுப்பில் கட்டிக்கொண்டு நெய்வது. அவள் பல்கலைக்கழகச் சீருடையில் வந்து நின்றாள் என்றும், "அது வேண்டாம், பாரம்பரிய உடை போட்டு வா" என்று திருப்பி அனுப்பினார்கள் என்றும் விழாவுக்குப் போனவர்களே சொல்கிறார்கள். அப்போது அழகு வேண்டியிருந்தது. இப்போது அதே படத்துக்குக் கீழே அவளை ஓடுகாலி என்று எழுதுகிறீர்கள். அவள் ஊரிலும் பேஸ்புக் இருக்கிறது, தெரியுமா? மேட்டில் ஏறி நின்றால் சிக்னல் வரும். அவள் தங்கை பார்ப்பாள், போதகர் பார்ப்பார், அவளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிய பள்ளி ஆசிரியர் பார்ப்பார். அடுத்த வருடம் அந்த ஊரிலிருந்து எந்தப் பெண்ணுக்குப் பரிந்துரை எழுத அவர் துணிவார்? எந்த அம்மா அனுப்புவாள்? ஒரு பெண் படிப்பை விட்டதில் உங்களுக்கு நஷ்டம் சில ஆயிரம் பாட். உங்கள் பதிவால் அந்த மலைக்கு என்ன நஷ்டம் என்று கணக்குப் போட்டீர்களா? கைதட்டியவர்களே, நீங்கள்?

கொஞ்சம் சத்தமாக எழுதிவிட்டேன். பரவாயில்லை, அழிக்கப்போவதில்லை.

இரண்டாம் பருவம் நவம்பர் வாக்கில் தொடங்கும். கொடுக்க நினைப்பவர்கள் அக்டோபர் நடுவிலேயே கொடுங்கள். கட்டணத்தைப் பல்கலைக்கழகக் கணக்குக்கு நேராகக் கட்டுங்கள். சாப்பாட்டுப் பணத்தை மாதத் தவணையாக, ஒவ்வொரு மாதமும் முதல் தேதிக்கு முன்னால் அனுப்புங்கள். மொத்தமாக அனுப்பினால் அது ஊர்க் கடனை அடைக்கப் போய்விடும், அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐந்து பெண்களுக்கு ஒரு மூத்த மாணவி என்று வைத்து, அந்த மூத்தவளுக்கும் பஸ் கட்டணமும் போன் ரீசார்ஜும் கொடுங்கள், சும்மா வேலை வாங்காதீர்கள். அவசரத்துக்கென்று ஒரு ஆளுக்கு 3,000 பாட் தனியாக ஒதுக்கி, யாரையும் கேட்காமல் அந்த மூத்தவளே எடுத்துக் கொடுக்கும்படி வையுங்கள். கமிட்டி கூடி முடிவெடுப்பதற்குள் பஸ் போய்விடும்.