1994 பேஸ்பால் வேலைநிறுத்தம்: நீதிமன்றம் யாரைக் கண்டித்தது?

"1994-இல் அமெரிக்க பேஸ்பால் வீரர்கள் கூடுதல் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள், கடைசியில் நீதிமன்றம் உத்தரவு போட்டு அவர்களை மைதானத்துக்கு அனுப்பியது" என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. வேலைநிறுத்தம் நடந்தது நிஜம். மற்றது தலைகீழ்.

சம்பள உயர்வு மையக் காரணம் இல்லை. அணிகள் சம்பளத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு வேண்டும், சம்பளத் தகராறுகளை நடுவர் தீர்க்கும் முறையும் ஒழிய வேண்டும் என்று அணி முதலாளிகள்தான் அந்த ஜூனில் முன்வைத்தார்கள். ஆகஸ்டில் வீரர்களின் ஓய்வூதிய நிதிக்குச் சேரவேண்டிய 78 லட்சம் டாலரையும் நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்ட் 12-இல் ஆட்டம் நின்றது. செப்டம்பர் 14-இல், பேஸ்பால் லீகின் தற்காலிக ஆணையராக இருந்த பட் செலிக், சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரான உலகத் தொடரை ரத்து செய்தார். அவரே அப்போது மில்வாக்கி அணியின் முதலாளி என்பதைப் பதிவு எழுதியவர் வசதியாக மறந்துவிட்டார்.

சரி, நீதிமன்றம்? டிசம்பரில் முதலாளிகள் உச்சவரம்பைத் தன்னிச்சையாக அமல்படுத்தினார்கள். அப்புறம் மாற்று வீரர்களை வைத்துப் பயிற்சி ஆட்டங்களும் நடத்தினார்கள். தொழிலாளர் சட்டத்தை அமல்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் வழக்குத் தொடுத்தது. 1995 மார்ச் 31-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிபதி சோனியா சோட்டோமேயர் தடை விதித்தது முதலாளிகளுக்கு எதிராக: பழைய ஒப்பந்த விதிகளையே பின்பற்றச் சொன்னார். வீரர்களுக்கு எந்த உத்தரவும் இல்லை. பழைய விதிகள் திரும்பியதால் அவர்கள் தாங்களாகவே வேலைநிறுத்தத்தை முடித்தார்கள். 232 நாள் முடக்கத்துக்குப் பின், 1995 சீசன் அணிக்கு 144 ஆட்டங்களாகச் சுருங்கி நடந்தது.