டாக்குமென்டாக அனுப்பினால் இடத்தகவலும் கூடவே போகும்

“போராட்டப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே எடுத்த இடம், நேரம் எல்லாம் அழிந்துவிடும், பயமில்லை” என்று சொல்லப்படுவது பாதிதான் சரி. சாதாரணப் படமாக அனுப்பினால்தான் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி, உள்ளிருக்கும் எக்ஸிஃப் விவரங்களை (எடுத்த இடம், நேரம் போன்ற, கோப்போடு பதிவாகும் குறிப்புகளை) நீக்கும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் ஜிபிஎஸ் புள்ளி உட்பட மூலக்கோப்பு அப்படியே போய்ச் சேரும். சொந்த வீட்டு மாடியிலிருந்து எடுத்த படமென்றால் முகவரியையே கொடுத்த மாதிரி. எடுப்பவருக்கு ஆபத்து என்றால் கேமரா செட்டிங்கில் லொக்கேஷனை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

ஆனால் சுருங்கிய பிரதி சாட்சியத்துக்குப் பலவீனம். மூலக்கோப்பை வெட்டாமல், திருத்தாமல் வைத்து, உடனே எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் (கோப்பு துளி மாறினாலும் மாறிவிடும், அதன் கைரேகை போன்ற குறியீடு) எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சாட்சியத்தோடு தரவேண்டிய சான்றிதழ்ப் படிவமே ஹாஷ் மதிப்பைக் கேட்கிறது. முகங்களை மறைப்பது பிரதியில் மட்டும். அதுவும் லேசான மங்கல் போதாது, முழுக் கருப்புக் கட்டம்.