மூணாவது பந்தியில உக்காந்து பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க

எங்க ஆபீஸ்ல கூட வேலை பாக்குற பொண்ணுக்கு வர்ற மாசியில கல்யாணம் வச்சிருக்காங்க. நேத்து மத்தியானம் சாப்பிடும்போது "அக்கா, உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு நீங்கதான எல்லாத்தையும் பாத்தீங்க, சமையல், மேளம், போட்டோ, பூ எல்லார் நம்பரையும் வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க"ன்னு கேட்டுச்சு. போட்டு விட்டேன். ஆனா ராத்திரி படுத்தா தூக்கம் வரல, வெறும் நம்பர குடுத்தா பாதி உதவிதானேன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. அதான் இந்தப் பதிவு. நீளமாத்தான் இருக்கும், வீட்ல கல்யாணம் வச்சிருக்கவங்க பொறுமையா படிங்க.

போன தை மாசம் தங்கச்சி கல்யாணம், மதுரையிலதான். அப்பா பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவர், கையில இருந்த பணம் எவ்வளவுன்னு வீட்ல எல்லாருக்கும் தெரியும், ஒரு ரூபா வீணாப் போனாலும் வலிக்கும். முடிஞ்சு இத்தனை மாசம் கழிச்சு யோசிச்சு பாத்தா எனக்கு ஒண்ணு பளிச்சுன்னு தெரியுது. யார யாரையெல்லாம் அவங்க வேலை செய்யிற எடத்துலயே போய் பாத்து புடிச்சோமோ அவங்க எல்லாரும் நம்ம வீட்டு ஆளுங்க மாதிரி நின்னு செஞ்சு குடுத்தாங்க. யார யாரையெல்லாம் போன்ல படத்த பாத்து புடிச்சோமோ அங்கதான் அடி வாங்குனோம்.

மொதல்ல சமையல். கல்யாணத்துக்கு வந்தவங்க வீட்டுக்கு போயி பேசுறது சாப்பாட்ட பத்திதான், அதுனால நான் இதுலதான் ரொம்ப நாள் அலைஞ்சேன். இப்ப எல்லா கேட்டரிங்காரங்களும் டேஸ்டிங்னு கூப்புடுறாங்க, ஏசி ரூம்ல உக்கார வச்சு பத்து கிண்ணத்துல பத்து ஐட்டம் வப்பாங்க. நாலு பேருக்கு சமைக்கிறது யாருக்கும் வரும்ங்க. எண்ணூறு இலைக்கு சமைக்கும்போது கை எப்படி நிக்குதுங்கறதுதான் கேள்வி. எங்க பெரியப்பா சொன்னாரு, "அவன் சமைக்கிற இன்னொரு கல்யாணத்துக்கு போ, மொத பந்தியில உக்காராத, மூணாவது பந்தியில உக்காரு"ன்னு. மொத பந்திக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். மூணாவது பந்திக்குள்ள ரசத்துல தண்ணி ஏறியிருக்கா, கூட்டு தீந்துபோச்சுன்னு அவசரத்துக்கு ஏதோ ஒண்ண கிண்டி வைக்கிறாங்களா, பரிமாறுற பையன் ரெண்டாந்தடவ சாம்பார் கேட்டா மொகத்த சுளிக்கிறானா, அப்பளம் நமுத்துப் போச்சா, பாயாசம் கடைசி இலை வரைக்கும் வந்து சேருதா, எல்லாம் அங்கதான் தெரியும். அப்படி மூணு கல்யாணத்துல சாப்பிட்டு பாத்துதான் எங்க மாஸ்டர புடிச்சோம். மூணாவது பந்தியில ஒரு வயசான அம்மாவுக்கு அவரே குனிஞ்சு சோத்த கொழைச்சு வச்சு ரசம் ஊத்துனாரு, அத பாத்த அன்னைக்கே எனக்கு முடிவாயிருச்சு.

இலை கணக்கும் ரொம்ப முக்கியம். இத்தன இலைன்னு நாம சொல்லிட்டா அதவிட கம்மியா ஆளு வந்தாலும் அந்த காசு குடுத்துதான் ஆகணும், கூட வந்தா கூடுதல் இலைக்கு தனியா. அதுனால பத்திரிகை எண்ணிக்கைய வச்சு இலை சொல்லாதீங்க, எந்தெந்த வீட்ல இருந்து எத்தன பேரு நெசமா வருவாங்கன்னு ஒரு நோட்டுல எழுதிப் பாருங்க. முந்துன நாள் ராத்திரி, காலை டிபன், மத்தியானம்னு மூணுக்கும் தனித்தனி கணக்கு. அன்னைக்கு இலைக்கட்டு பக்கத்துல நம்ம ஆளு ஒருத்தர் நிக்கணும், எங்க வீட்ல சித்தப்பா நின்னாரு, மாஸ்டர் ஆளும் அவரும் சேந்தே எண்ணுனாங்க, கடைசியில ஒரு வார்த்தை சச்சரவு இல்ல. சில பேரு மளிகை லிஸ்ட் வாங்கி நாமளே சாமான் வாங்கி குடுத்துட்டு சமையலுக்கு மட்டும் கூலி பேசுவாங்க. வீட்ல வெவரமான ஆம்பளையோ பொம்பளையோ மூணு பேரு சும்மா இருந்தா அது லாபம், இல்லன்னா காண்ட்ராக்ட்டே நிம்மதி.

மண்டபம் பாக்க போனா எல்லாரும் மேடையத்தான் பாக்குறாங்க. நீங்க நேரா பின்னாடி சமையக்கட்டுக்கு போங்க. தண்ணி வருதா, கழிவுத்தண்ணி போக வழி இருக்கா, கை கழுவுற எடம் வழுக்குதா, சாப்பாட்டு ஹால் மாடியில இருந்தா லிப்ட் இருக்கா, முட்டி வலிக்காரங்க எப்படி ஏறுவாங்க, இதெல்லாம் பாருங்க. வாடகை இவ்வளவுன்னு சொல்லுவாங்க, அதோட நிக்காது, கரண்டுக்கு யூனிட் கணக்கு, ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கு, கிளீனிங், குப்பை, கேஸ், எல்லாம் தனித்தனியா பின்னாடி வரும். சாவி வாங்கும்போதே மீட்டர் ரீடிங்க போட்டோ எடுத்து வச்சுக்கங்க. வெளி சமையல் ஆளு வரலாமா, டெக்கரேஷன் அவங்க ஆளுதான் பண்ணணும்னு கண்டிசன் உண்டான்னு அட்வான்ஸுக்கு முன்னாடியே கேட்டுருங்க.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். தாலிக்கு தங்கம் வாங்கும்போது எவ்வளவு கவனமா இருக்கோம், 2023 ஏப்ரல் 1லேர்ந்து ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியா குத்துற அந்த ஆறு எழுத்து ஹெச்யூஐடி நம்பர் இல்லாம ஹால்மார்க் நகை விக்கக்கூடாதுன்னு வந்துருச்சு, நாமளும் கடையில லென்ஸ் வாங்கி அந்த நம்பர பாத்துட்டுதான் வர்றோம். அதே நாம மண்டபத்துக்கும் டெக்கரேஷனுக்கும் லட்சக்கணக்குல குடுத்துட்டு ஒரு துண்டு சீட்டுல "அட்வான்ஸ் வரவு"ன்னு எழுதினத வாங்கிட்டு வர்றோம். எங்களுக்கு டெக்கரேஷன் பண்ணவங்க "பில் வேணும்னா ஜிஎஸ்டி 18 பர்சென்ட் ஆகும், முழுசும் கேஷா குடுத்துருங்க"ன்னாங்க. அப்பா சரின்னு சொல்லப்போனாரு, நான்தான் புடிவாதமா பேங்க்லதான் போடுவோம்னு நின்னேன். ஒரே நிகழ்ச்சிக்கு ஒருத்தர்கிட்ட இருந்து 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக்கூடாதுன்னு 2017லேர்ந்து வருமான வரி சட்டத்துல இருக்கு, அது ஒரு பக்கம். எனக்கு பெரிய விசயம் என்னன்னா எழுத்துல இல்லாத பேச்சுக்கு கல்யாணத்தன்னைக்கு மதிப்பே இல்ல. பேசுனது ஒரு பூ, மேடையில இருந்தது வேற பூ. பேங்க்ல போட்டதும் வாட்ஸ்அப்ல கேட்ட படமும் இருந்ததாலதான் கடைசி தொகையில கொறைக்க முடிஞ்சது.

பூவுன்னதும் மாலைய சொல்லிடுறேன். தையில, மாசியில கல்யாணம்னா மல்லிக்கு தனியா ஒரு தொகைய ஒதுக்கி வைங்க. பனி விழுந்தா மொட்டு வரத்து கொறைஞ்சிரும், அதே நேரத்துல முகூர்த்தம் குவிஞ்சு கெடக்கும், மாட்டுத்தாவணி மார்க்கெட்ல கிலோ ரெண்டாயிரம் மூவாயிரம்னு போற நாளெல்லாம் உண்டு. 2013ல புவிசார் குறியீடு வாங்குன நம்ம மதுர மல்லிய நம்ம ஊரு பொண்ணே தலையில வைக்க யோசிக்கிற வெலை. பூக்கட்டுறவங்ககிட்ட அன்னைய வெலையா, இப்பவே பேசுன வெலையான்னு தெளிவா கேட்டுக்கங்க. நாங்க கேட்டோம், பூக்கட்டுற அக்கா "தலைக்கு மட்டும் மல்லி வச்சுக்கலாம்மா, மேடைக்கு எதுக்கு, சம்மங்கியும் செவந்தியும் போதும்"னு அவங்களே சொன்னாங்க. தன் வருமானம் கொறையிறத பாக்காம சொன்னாங்க பாருங்க, அந்த மாதிரி ஆளு கெடச்சா விட்றாதீங்க.

இப்ப போட்டோ. இத எழுதும்போதே கை நடுங்குது. ஸ்டுடியோக்காரர் இன்ஸ்டால போட்டிருந்த படங்கள பாத்து தங்கச்சி மயங்கிருச்சு, எனக்கும் புடிச்சுதான் இருந்துச்சு. பேசுனது அவரு, சிரிச்சுக்கிட்டே எல்லாத்துக்கும் சரின்னது அவரு, அட்வான்ஸ் வாங்குனதும் அவரு. முகூர்த்தத்தன்னைக்கு வந்தது நாங்க மொகமே பாக்காத ரெண்டு பசங்க. அன்னைக்கு அவருக்கு நாலு கல்யாணமாம். பசங்க மேல எனக்கு கோவமில்ல, ராத்திரி வேற எடத்துல ரிசப்சன் முடிச்சுட்டு தூங்காம வந்திருந்தாங்க, பாவம். ஆனா எங்க சடங்கு அவங்களுக்கு தெரியாது. அப்பா தங்கச்சி கைய மாப்பிள்ளை கையில புடிச்சுக் குடுத்து, அம்மா தண்ணி ஊத்தி தாரை வாத்தாங்க. எங்க அப்பா அழுது நான் பாத்ததே அன்னைக்குத்தான். அந்த நேரத்துல ஒருத்தன் வெளிய மாப்பிள்ளையோட பிரெண்ட்ஸ வச்சு டிரோன் விட்டுக்கிட்டு இருந்தான், இன்னொருத்தன் பேட்டரி மாத்த போயிருந்தான். ஆல்பம் வர அஞ்சு மாசம் ஆச்சு. வந்ததும் அப்பா கண்ணாடி போட்டுக்கிட்டு ஒவ்வொரு பக்கமா திருப்புனாரு, கடைசி பக்கம் வரைக்கும் பாத்துட்டு மறுபடி மொதல்ல இருந்து திருப்புனாரு. ஒண்ணும் கேக்கல, மூடி வச்சுட்டாரு. அத்தை பையன் போன்ல எடுத்த ஒரு படம் கெடச்சுச்சு, பாதி மொகத்த யாரோ ஒருத்தர் தோள் மறைக்குது. அததான் பெருசாக்கி ஹால்ல மாட்டியிருக்கோம்.

அதுனால போட்டோக்கு போகும்போது நல்ல இருவது படத்த பாக்காதீங்க, ஏதாவது ஒரு கல்யாணத்தோட மொத்த படத்தையும் மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் காட்ட சொல்லுங்க. தாலி கட்டுறது, தாரை வாக்குறது, பாட்டி அட்சதை போடுறது இருக்கான்னு பாருங்க. அன்னைக்கு யாரு வருவாங்க, அவங்க பேரு என்ன, அவங்கள ஒரு தடவ நேர்ல பாக்கணும்னு கேளுங்க, பேர எழுதி வாங்குங்க. சடங்கு வரிசைய மணியோட ஒரு பேப்பர்ல எழுதி கையில குடுத்துட்டு, நம்ம வீட்ல முறை தெரிஞ்ச ஒருத்தர அவங்க பக்கத்துலயே நிக்க வைங்க. மேக்கப்புக்கும் இதே கேள்விதான். ஒரே முகூர்த்தத்துக்கு ரெண்டு மூணு பொண்ணுக்கு ஒத்துக்கிட்டு நம்ம வீட்டுக்கு அசிஸ்டண்ட அனுப்புறது நடக்குது.

மேளத்த பத்தி பேச எனக்கு நெறைய இருக்கு. டிஜேக்கும் செண்டைக்கும் ஒரு பெரிய தொகைய யோசிக்காம குடுக்குறவங்க நாதஸ்வரம்னு வந்தா ஒரு நாதஸ்வரம் ஒரு தவில் போதும்னு பேரம் பேசுறாங்க, இது எனக்கு சுத்தமா ஒத்துக்கல. ரெண்டு நாதஸ்வரம், ரெண்டு தவில், தாளம்னு முழு செட்டா வைங்க. நாங்க எங்க தெரு அம்மன் கோயில் திருவிழாவுல வாசிக்கிறவங்களத்தான் கேட்டுக்கிட்டோம், வருசா வருசம் கேட்ட கை. பேச போனப்ப அந்த அய்யா தன் நாதஸ்வரத்த எடுத்து காட்டுனாரு, கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில ஆச்சா மரத்துல கடைஞ்சது, 2022ல அந்த ஊரு நாதஸ்வரத்துக்கு புவிசார் குறியீடு கெடச்சத தன் வீட்டுக்கு கெடச்ச மாதிரி சொன்னாரு. முகூர்த்தத்தன்னைக்கு விடியக்காலைல பூபாள ராகம் எடுத்தாரு பாருங்க, பந்தல்ல அரைத்தூக்கத்துல கெடந்த சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா எந்திரிச்சு உக்காந்தாங்க. தாலி கட்டும்போது அய்யர் கெட்டிமேளம்னு சொல்றதுக்கு முன்னாடியே அவரு கண்ணு மாப்பிள்ளை கையிலதான் இருந்துச்சு, மூணாவது முடிச்சு விழுகுற வரைக்கும் தவில் நிக்கல. அவரு கேட்ட தொகைய நாங்க ஒரு பைசா கொறைக்கல.

பணம் குடுக்குற விதத்துலயும் ஒரு நியாயம் வேணும். ஸ்டுடியோ, டெக்கரேஷன் மாதிரி பின்னாடி வேலை பாக்கி இருக்கறவங்களுக்கு கடைசி தொகைய வேலை முடிஞ்சு கையில வந்தப்புறம் குடுங்க, நாங்க முழுசும் குடுத்துட்டுதான் ஆல்பத்துக்கு அஞ்சு மாசம் நடந்தோம். ஆனா மேளக்காரங்க, பூக்கட்டுறவங்க, பாத்திரம் கழுவ வர்ற அக்காங்க, பந்தி பரிமாறுற பசங்க, இவங்களுக்கு மண்டபத்த விட்டு கெளம்புறதுக்கு முன்னாடியே குடுத்துருங்க. மொய் எண்ணிட்டு தர்றோம், நாளைக்கு வாங்கன்னு அலைய விடாதீங்க. அவங்க சாப்புட்டாங்களான்னும் ஒரு ஆளு பாக்கணும். எங்க கல்யாணத்துல பாத்திரம் கழுவுன அக்காங்க மத்தியானம் மூணு மணி வரைக்கும் சாப்பிடாம இருந்தது எங்க அம்மா போயி பாத்தப்புறம்தான் தெரிஞ்சுச்சு. அம்மா அங்கயே இலை போட்டு அவங்களுக்கு கையால பரிமாறுனாங்க.

இன்னொண்ணு, மறந்துரும்னு இங்கயே சொல்றேன், பத்திரிகைல ரெண்டு மூணு எடுத்து பத்திரமா வைங்க. திருமணப் பதிவுக்கு சார்பதிவாளர் ஆபீஸ்ல கேப்பாங்க, நம்ம தமிழ்நாட்டு 2009 சட்டப்படி கல்யாணம் ஆன 90 நாளுக்குள்ள பதியணும். தாம்பூலப் பைக்கு துணி மஞ்சப்பையே போடுங்க, வெத்தலை சோழவந்தான்ல இருந்து நேரா வாங்குனா பச்சுன்னு இருக்கும்.

வர்ற ஞாயித்துக்கிழமை முகூர்த்த நாளு. எங்க மாஸ்டர் திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு சமைக்கிறாரு. காலைல போன் போட்டு கேட்டேன், "தாராளமா வாங்கம்மா, நான் கல்யாண வீட்டுக்காரங்ககிட்ட சொல்லி வைக்கிறேன்"னாரு. ஆபீஸ்ல நம்பர் கேட்ட அந்தப் பொண்ணையும் அவங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு விடியக்காலை நாலு மணிக்கெல்லாம் சமையக்கட்டுக்கு போயிருவோம், அப்புறம் இருந்து மூணாவது பந்தியில சாப்பிட்டுட்டு வருவோம். மொய் கவர் இப்பவே எழுதி வச்சுட்டேன்.