பாலை குறுக்கே கிடக்கிறது, முதிரையைக் காணவில்லை

புயலில் சாய்ந்த மரங்களில் எதை அகற்றுவது, எதைக் கிடந்து உக்க விடுவது என்பதை மரத்தின் விலைதான் தீர்மானிக்கும் என்றால், காட்டுக்கென்று ஓர் அலுவலகமும், வீதிக்கென்று இன்னோர் அலுவலகமும், இரண்டையும் இணைக்கவென்று கூட்டங்களும் எங்களுக்கு எதற்கு?

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது இலங்கையின் வடக்கே எங்கள் வன்னி நிலம் ஏற்கெனவே மாரி மழையில் ஊறிக் களியாகிக் கிடந்தது. வேரைப் பிடித்து வைத்திருக்க மண்ணுக்கு வலு இருக்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து குளக்கட்டுக்குப் போகும் காட்டுப்பாதையின் ஓரத்தில், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நின்ற பாலை மரம் வேரோடு பெயர்ந்து பாதைக்குக் குறுக்கே விழுந்தது. அடிமரம் கிடந்த நிலையிலேயே என் இடுப்புக்கு மேல் வருகிறது. வேர் பெயர்ந்த குழியில் தண்ணீர் இன்னும் வற்றவில்லை. கொப்புகளோடு கீழே வந்த முசுறு எறும்புகளின் கூடுகள் சிதறியதால், முசுறுகள் அடிமரத்தையே தங்கள் வீதியாக்கிக்கொண்டன. ஏறிக் கடக்கக் கை வைத்தால் முழங்கை வரை கடி. என் நாய் கறுப்பன் முதல் நாள் துள்ளிப் பாய்ந்து மறுபக்கம் போய், முன்னங்காலை உதறி உதறி நக்கிவிட்டு, அடுத்த நாளிலிருந்து மரத்தைக் கண்டதும் குந்திக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறது.

நாயை நடத்திக்கொண்டு போவது பட்டணத்துப் பழக்கம் என்று ஊரில் சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நீரிழிவுக்காக நடக்கச் சொன்னவர் வைத்தியர். காட்டுக்குள் தனியே போகாதே என்றவர் மனைவி. இருவருக்கும் பொதுவான தீர்வு கறுப்பன். மார்கழி வாடையில் விடியற்புறம் அந்தப் பாதையால் குளத்தடிவரை போய் வருவதில் யாருக்கும் ஒரு செலவும் இல்லை.

“சுற்றிப் போங்களேன் ஐயா” என்றார் ஓர் அலுவலர், மேசையில் இருந்தபடியே. எந்த நாட்டில் இருந்துகொண்டு இவர் இதைச் சொல்கிறார்? மிதித்த தடத்தை விட்டு விலகாதே என்று பிள்ளைகளுக்கு நடை பழக்கும்போதே சொல்லிக் கொடுத்த மண் இது. ஒட்டாவா உடன்படிக்கையின்படி கண்ணிவெடிகளை அகற்றி முடிக்க இலங்கைக்கு இருக்கும் காலக்கெடு 2028 ஜூன். போர் முடிந்தது 2009 இல். வெள்ளம் மண்ணை அரித்துப் போன பிறகு பற்றைக்குள் எது மேலே வந்து கிடக்கிறது என்று அந்த அலுவலர் வந்து பார்த்தாரா? வெடி இல்லை என்றே வைத்துக்கொள்வோம், யானை? கதிர் முற்றும் காலத்தில் யானை வயலோரக் காட்டில்தான் நிற்கும். நாய் யானையைக் கண்டால் குரைத்துச் சீண்டிவிட்டு, பயந்ததும் நேரே எசமானின் காலடிக்குத்தான் ஓடிவரும்; பின்னாலேயே யானையும் வரும். தடத்தில் என்றால் தூரத்திலேயே கண்டு திரும்பிவிடலாம், முட்பற்றைக்குள் எங்கே ஓடுவது?

மரம் காட்டில் வேர்விட்டதால் அது காட்டு அலுவலகத்தின் பொறுப்பு என்கிறது வீதிக்குப் பொறுப்பானவர்களின் அலுவலகம். விழுந்து கிடப்பது பாதையில் என்பதால் அது வீதிக்காரர் வேலை என்கிறார்கள் காட்டுக்காரர். இரண்டு இடத்திலும் கடிதத்தை வாங்கி முத்திரை குத்துவதில் மட்டும் குறை வைக்கவில்லை. நாங்களே வெட்டி ஒதுக்குகிறோம் என்றால், 1907 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச்சட்டத்தை நினைவூட்டுகிறார்கள்: விழுந்த மரமும் அரசின் சொத்து, கை வைத்தால் வழக்கு. வெறும் மிரட்டல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் கரை கடந்த பிறகு எங்கள் பொடியள் கோடரியோடு போய்ப் பாதையைத் துப்புரவாக்கினார்கள். அதில் விறகுக்கென்று கொப்புகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவரைத்தான் மறித்து விசாரித்தார்கள்.

இப்போது முதிரைக்கு வருகிறேன். அதே பாதையில், பாலைக்கு அப்பால், அதே காற்றில் தளபாடத்துக்கு நல்ல விலை போகும் முதிரை மரங்களும் சாய்ந்தன. அவற்றில் ஒன்றுகூட இன்று அங்கே இல்லை. நிலமட்டத்தில் சுத்தமாக அரிந்த அடிக்கட்டைகளும், ஈர மண்ணில் உழவு இயந்திரச் சில்லுகளின் ஆழமான தடங்களும், மஞ்சள் மரத்தூளும்தான் மிச்சம். கறுப்பன் அந்தத் தூளை மோந்து பார்த்துத் தும்முகிறது. சாய்ந்தவற்றோடு நிற்கவும் இல்லை. காற்றுக்கு அசையாமல் நின்ற இரண்டு முதிரைகளும் “விழுந்து”விட்டன, அதுவும் வாளால் அரிந்தபடி! குளக்கட்டுப் பக்கமாக இரவில் வந்து போகும் அந்த இயந்திரங்களுக்குக் கட்டளைச்சட்டம் தெரியாதா, அல்லது காவலில் நிற்பவர்களுக்குத்தான் இரவில் காது கேட்காதா? வாள் ஓடும் சத்தம் மழை ஓய்ந்த இரவில் எங்கள் திண்ணை வரை கேட்கிறது. பாலை இரும்பு மாதிரி. வாளின் பல்லைத் தின்னும், தளபாடத்துக்கு முதிரையின் விலையும் வராது. அதனால் அது சட்டத்தின் பாதுகாப்பில் பத்திரமாகக் கிடக்கிறது.

அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்த பேரிடரில் உனக்கு நாய் நடத்தும் பாதையா பெரிது என்று கேட்பார்கள், கேட்டுமிருக்கிறார்கள். மலையகத்தில் வீடுகள் மண்ணுக்குள் போன நாட்களில் நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை, திறக்கவும் கூடாது. ஆனால் அந்தத் துயரத்தை எடுத்து எங்கள் கடிதத்தின் மேல் பாரமாக வைத்துவிட்டு, அதன் மறைவில் முதிரை ஏற்ற விடுவது எந்த நியாயத்தில் சேரும்? அது எனக்கும் கறுப்பனுக்கும் மட்டுமான பாதையும் அல்ல. அந்தப் பாதையால்தான் மாடுகள் குளத்துக்குப் போகின்றன, விறகு பொறுக்கும் பெண்கள் போகிறார்கள், குளத்தின் மதகான துருசைத் திறப்பவர் போகிறார்.

எங்களிடம் வாள் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். வெட்டிய கட்டைகளை அலுவலக வளவிலேயே கொண்டுவந்து இறக்கித் தருகிறோம், ஒரு துண்டுக் கடிதம் மட்டும் தாருங்கள் என்றோம். அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டுமாம். மாரிப் போகமான காலபோக நெல் கதிர் தள்ளிவிட்டது. அறுவடை இயந்திரம் வயலுக்குப் போகவும் இதை விட்டால் வேறு பாதை இல்லை. அது வந்து பாலைக்கு முன்னால் நிற்கும் நாளில், கோப்பு எந்த மேசையில் தூங்கியது என்று பார்க்க ஒரு குழு நிச்சயம் வரும். வருகிறவர்கள் வாகனத்தை மரத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, முசுறுக்குப் பயப்படாமல் ஏறிக் கடந்து, அப்பால் இருக்கும் முதிரைக் கட்டைகளையும் எண்ணிக்கொண்டு போகட்டும்.